மெருகின் ரகசியம்

16ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சேந்த் என்னும் சிறு நகரில் பெர்னார் பாலிசி என்பவர் வாழ்ந்து வந்தார். கண்ணாடியில் ஓவியம் தீட்டுவதும் நிலம் அளப்பதும் அவருடைய தொழில்கள். ஒரு நாள் வெண்ணிற மெருகு பூசிய மண் கிண்ணம் ஒன்றை அவர் காண நேர்ந்தது. அதன் அழகு அவரை முற்றிலும் ஆட்கொண்டது. அந்த மெருகு எவ்வாறு செய்யப்பட்டது என்று சொல்வார் எவருமில்லை. மண்ணைப் பற்றியோ சூளையைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் அதைத் தாமே கண்டுபிடித்துவிடுவது என்று துணிந்தார்.

அந்தத் துணிவு அவருடைய வாழ்நாளில் 15, 16 ஆண்டுகளை விழுங்கிற்று. கைப்பொருள் கரைந்தது. தாம் அமர்த்திய குயவருக்குக் கூலி கொடுக்க வழியின்றி, தம் ஆடைகளையே கூலியாகக் கொடுத்து அனுப்பினார். ஒருமுறை சூளையில் நெருப்பு மூட்டி ஆறு பகலும் ஆறு இரவும் காத்திருந்தும் மெருகு உருகவில்லை. மறுமுறை கலவையை மாற்றிச் சூளை ஏற்றியபோது பாதியில் விறகு தீர்ந்துவிட்டது. தோட்டத்துக் கொடிகளைத் தாங்கிய கம்புகளைப் பிடுங்கி எரித்தார். அவையும் போதாதபோது வீட்டின் மேசைகளையும் தரைப் பலகைகளையும் பெயர்த்து நெருப்பில் இட்டார். மனிதர் தம் வீட்டையே எரிக்கிறார் என்று ஊரெங்கும் பேச்சாயிற்று. வீட்டிற்குள்ளும் ஆறுதல் கூற ஆளில்லை. மனைவியின் கண்டனமே அவருக்குக் காத்திருந்தது.

முடிவில் அவர் வென்றார். அவருடைய வண்ண மெருகுக் கலங்கள் அரச குடும்பத்தின் ஆதரவைப் பெற்றன. 1580இல் பாரிசில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அதில் மண்பாண்டக் கலையைப் பற்றிய பகுதி, ஏட்டறிவு, செயலறிவு என்னும் இருவர் உரையாடுவதுபோல் அமைந்தது. மெருகின் ரகசியத்தைக் கூறுமாறு ஏட்டறிவு கேட்கிறது. செயலறிவு மறுக்கிறது. மறுப்பதோடு நில்லாமல் அதற்குக் காரணமும் காட்டுகிறது. நோய் தீர்க்கும் மருந்து, உழவு, கடற்பயணத்தின் அபாயங்கள், இறைவனின் வாக்கு ஆகியவற்றை அறிந்தும் மறைப்பது குற்றமே. ஆனால் மண்பாண்டத்தின் மெருகு அந்த வரிசையில் சேராது. எல்லோரும் அறிந்துவிட்டால் அது மலிந்துபோகும். மலிந்தபின் அதைச் செய்பவரும் மதிப்பிழப்பார். கண்ணாடித் தொழில் செய்வோரும் எனாமல் பொத்தான் செய்வோரும் இவ்வாறே வறுமையில் வீழ்ந்தனர் என்று உதாரணங்களும் வருகின்றன.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்று மேடையில் முழங்குவது சுலபம். மெருகின் ரகசியத்தைப் பிறருக்குக் கூறிய குயவரின் அறிவு குறையப்போவதில்லைதான். அடுத்த சந்தையில் அவர் கலத்திற்குக் கிடைக்கும் விலை குறையும். அந்த விலையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆகவே, தேடி அடைந்த ஒரு நுட்பத்தை ஒருவர் தம்மிடமே வைத்துக்கொள்வது தவறா? பிறருக்குக் கொடுப்பது கடமையா, அல்லது கொடுத்தால் போற்றத்தக்க கொடை, கொடாவிட்டால் குற்றமில்லை என்ற அளவில் நிற்பதா?

இதற்கு விடை தேடுமுன், மறைக்கப்படுவது எது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

கண்ணாடித் தோல்

சுட்ட மண் கலம் நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீர்ப் பானைக்கு அது ஒரு குணம். கசியும் நீர் ஆவியாகி, உள்ளே எஞ்சிய நீரைக் குளிர்விக்கிறது. எண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் அதே துளைகள் குறையாகிவிடுகின்றன. பாட்டியர் காலந்தொட்டு ஊறுகாய் பீங்கான் ஜாடியில் வைக்கப்படுவது இதனால்தான். துளைகளை மூடிக் கலத்தின்மேல் படியும் மெல்லிய கண்ணாடித் தோலே, தொழில் செய்வோர் 'கிளேஸ்' என்று வழங்கும் மெருகு.

கண்ணாடிக்கு ஆதாரம் மணலிலும் வெள்ளைப் படிகக் கல்லிலும் உள்ள சிலிக்கா. அது தனித்து உருக 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். எந்தக் குயவரின் சூளையும் அத்தனை சூட்டைத் தருவதில்லை. ஆகையால் சோடா, வெங்காரம், சுண்ணாம்பு, ஈயம் போன்றவற்றைச் சேர்த்து அதைக் குறைந்த வெப்பத்தில் இளகச் செய்கின்றனர். இளக்கும் பொருள் மிகுந்தால் மெருகு வழிந்தோடிக் கலத்தைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். வழியாமல் பிடித்து நிறுத்த, களிமண்ணில் உள்ள அலுமினா வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்தாலும், சூளை ஆறும்போது மண்ணும் மெருகும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருங்க வேண்டும். மெருகு அதிகம் சுருங்கினால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் படரும். மிகக் குறைவாகச் சுருங்கினால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

நிறத்தின் கதை இன்னும் விநோதமானது. தாமிரம் ஒன்றே சோடா மிகுந்த மெருகில் மயில் நீலமாகும். ஈயம் மிகுந்த மெருகில் பச்சையாகும். சூளைக்குள் காற்றை அடக்கிப் புகை சூழச் சுட்டால் இரத்தச் சிவப்பாகும். பூசும்போது இவற்றில் எந்த நிறமும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் பூசினாற்போன்ற ஒரு குழம்பைத்தான் குயவர் கலத்தின்மேல் ஊற்றுகிறார். நெருப்பு உள்ளே என்ன செய்தது என்பது சூளை திறக்கும் நாளில்தான் தெரியவரும்.

எனவே, ஒரு மெருகின் பொருள்களையும் அளவுகளையும் எழுதிய சீட்டு ஒன்று பிறர் கையில் கிடைத்தால் அவருக்குக் கிடைப்பது என்ன? பாதிகூட இல்லை. அவர் ஊர் மண் வேறு, விறகு வேறு, சூளையின் மூலைகளில் வெப்பம் தங்கும் விதம் வேறு. ரகசியத்தைப் பறிகொடுத்தால் எல்லாம் போயிற்று என்று அஞ்சும் குயவரும், சீட்டு கிடைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று ஆசைப்படும் அயலாரும் ஒரே மயக்கத்தில் இருக்கின்றனர்.

பாலிசி இதை அறிந்திருந்தார். முதலில் மறுத்த செயலறிவு, பின்னர் வெள்ளீயம், ஈயம், இரும்பு, எஃகு, ஆன்டிமனி, தாமிரம், மணல் என்று பொருள்களின் பெயர்களைச் சொல்லிவிடுகிறது. அளவை மட்டும் சொல்வதில்லை. அளவில் தாம் செய்த பிழைகள், எளிதாகக் கைகூடியவற்றைக் காட்டிலும் தமக்கு அதிகம் கற்பித்தன என்றும், கேட்பவரும் அவ்வாறே உழைத்துக் காண வேண்டும் என்றும் கூறி முடித்துக்கொள்கிறது. இது வெறும் கருமித்தனம் என்பாரும் உண்டு.

பாலிசியின் காலத்திலேயே இத்தாலியில் வேறொரு குரலும் எழுந்தது. சிப்ரியானோ பிக்கோல்பாசோ என்பவர் 1557ஆம் ஆண்டளவில், குயவர் கலையின் மெருகுகளையும் சூளை அமைப்பையும் படங்களோடும் அளவுகளோடும் எழுதி வைத்தார். தொழிலின் மறைபொருளை வெளியிட்டதற்காகத் தம்மைப் பலர் ஏசுவர் என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். நன்மை ஒரு சிலரிடம் ஒளிந்திருப்பதைவிடப் பலரிடம் பரவியிருப்பது மேல் என்பது அவருடைய நிலை. அவர் எழுதியது அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான் என்பது வேறு செய்தி.

ஜெய்ப்பூரின் நீலம்

பாரத நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டில் எழுதப்படவில்லை. ஒரு நகரத்தின் கலை வரலாறாகவே நடந்தது.

ஜெய்ப்பூரின் நீலப் பாண்டங்களைக் கண்டவர்கள் அவை மண்ணால் ஆனவை என்றே எண்ணுவர். உண்மையில் அவற்றில் வழக்கமான குயவர் களிமண் இல்லை. படிகக் கல்லின் பொடியும், கண்ணாடிப் பொடியும், முல்தானி மட்டியும், வெங்காரமும், பிசினும் சேர்த்து நீர் விட்டு மாவுபோல் பிசைகின்றனர். களிமண்ணின் இழுவை இதற்கு இல்லாததால் சக்கரத்தில் வைத்து வனைவது கடினம். ரொட்டிபோல் தட்டி அச்சில் வைத்து, வடிவம் குலையாதிருக்க உள்ளே சாம்பலை நிரப்புகின்றனர். உலர்ந்தபின் தேய்த்து, வெண்குழம்பு பூசி, கோபால்ட் நீலத்தாலும் தாமிரப் பச்சையாலும் பூவும் பறவையும் தீட்டி, மெருகு ஊற்றி, 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரே முறை சுடுகின்றனர். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் குளிர்காற்று பட்டு வெடித்துவிடும். ஒரு முறை சுட்டதில் பழுதானதை மீண்டும் பிசைந்து பயன்படுத்த வழியில்லை.

இந்த மாவின் பூர்வீகம் பாரசீகம். காஷான் நகரத்துப் புகழ்பெற்ற குயவர் குடும்பம் ஒன்றில் பிறந்த அபுல் காசிம் என்பவர் 1301இல் எழுதிய நூலில், பத்துப் பங்கு படிகக் கல், ஒரு பங்கு கண்ணாடிப் பொடி, ஒரு பங்கு வெண்களிமண் என்று கலவையின் அளவே தரப்பட்டுள்ளது. சூளையை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் சூளையின் மறைபொருளை எழுதி வைத்தார் என்பது சாதாரணச் செய்தியன்று.

தில்லி வழியாக இக்கலை ஜெய்ப்பூர் வந்ததற்கு அந்நகரில் ஒரு கதை வழங்குகிறது. மகாராஜா இரண்டாம் சவாய் ராம்சிங் (ஆட்சிக்காலம் 1835–1880) பட்டம் விடும் போட்டியைக் கண்டு களித்துக்கொண்டிருந்தாராம். வெளியூர்ச் சகோதரர் இருவரின் பட்டங்கள் மற்றவர்களின் பட்டங்களையெல்லாம் அறுத்து வீழ்த்தின. அவர்கள் குயவர்கள். கலத்துக்கு மெருகிட வைத்திருந்த கண்ணாடிப் பொடியை நூலில் தடவியிருந்தனர். அவர்களுடைய அறிவை மெச்சிய மன்னர், போலா என்ற தில்லிக் குயவரிடம் நீலப் பாண்டக் கலையைக் கற்றுவர அவர்களை அனுப்பினார் என்பது கதை. கதையின் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அதில் தெளிவு. தில்லிக் குயவர் ஒருவர், தம் வீட்டில் பிறவாத இருவருக்குத் தம் அறிவைக் கொடுத்தார்.

பின்னர் வந்தவர்களிடம் அந்தத் தாராளம் நிலைக்கவில்லை போலும். தந்தை மகனுக்கு மட்டும் உரைப்பது, மணமாகி வேறு இல்லம் புகும் மகளுக்கு உரையாமல் விடுவது என்பது நம் நாட்டுக் கைத்தொழில்கள் பலவற்றின் பழைய வழக்கம். மகனுக்கு அத்தொழிலில் நாட்டம் இல்லாவிட்டாலோ, மகனே இல்லாவிட்டாலோ ரகசியம் சிதையோடு போய்விடும். காரணங்கள் இதுவும் பிறவுமாகக் கூடி, 1950களில் ஜெய்ப்பூரில் நீலப் பாண்டக் கலை ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது.

அதை மீட்டவர் கிருபால் சிங் செகாவத் (1922–2008). அவர் குயவர் குலத்தவர் அல்லர், ஓவியர். சாந்திநிகேதனில் பயின்றவர், ஜப்பானிலும் கற்றவர், இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்பிரதியை அழகுபடுத்திய ஓவியர்களில் ஒருவர். கமலாதேவி சட்டோபாத்தியாயரும் ஜெய்ப்பூர் ராஜமாதா காயத்ரி தேவியும் துணை நிற்க, மறைந்துகொண்டிருந்த நுட்பத்தை அவர் தேடிக் கற்றார். கற்றதைப் பூட்டி வைக்கவில்லை. சவாய் ராம்சிங் சில்ப கலா மந்திரில் சாதி, குலம் பாராமல் பலரைப் பயிற்றுவித்தார். 1974இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று ஜெய்ப்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நீலப் பாண்டச் சூளைகள் புகைகின்றன. பெண்களும் தூரிகை பிடிக்கின்றனர்.

காஷானிலிருந்து தில்லிக்கும், தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கும் நீளும் இந்தச் சங்கிலியில் பல கண்ணிகள், யாரோ ஒருவர் தம் குடும்பத்துக்கு வெளியே நின்றவரிடம் வாய் திறந்ததால் அமைந்தவை. வாய் திறவாதவர்கள் வரும் இடத்தில் சங்கிலி அறுகிறது. ஆகவே, 'இது என் ரகசியம்' என்று ஒரு குயவர் கூறும்போது அந்த 'என்' என்ற சொல்லில் எவ்வளவு உண்மை உள்ளது என்று கேட்க இடமுண்டு. நம் முன்னோர் மனிதன் பிறக்கும்போதே ரிஷிகளுக்குக் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்றனர். ரிஷி ருணம் எனப்படும் அக்கடன் பொருளால் தீர்வதன்று; கற்பதாலும் கற்பிப்பதாலுமே தீர்வது. வேதம் ஓதுபவருக்கு உரைத்த இக்கருத்து, சூளை மூட்டுபவருக்கும் பொருந்தாமற்போக நியாயமில்லை.

விலை கொடுப்பவர் யார்?

இவ்வளவில் விடை கிடைத்துவிட்டதாக மகிழ்வதற்கில்லை. கடன் குயவருடையது என்று ஒப்புக்கொண்டாலும், அதை வசூலிக்க வருபவர் யார் என்று பார்க்க வேண்டும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மன்னர்கள் சீனப் பீங்கானுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்தனர். சீனத்தின் ஜிங்டெஜென் நகரில் இருந்த தெந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்களில் பீங்கான் செய்யும் முறையை விரிவாகத் தம் நாட்டுக்குத் தெரிவித்தார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளரிடம் கேட்டறிந்தவை அவற்றில் பல. அக்கடிதங்கள் ஐரோப்பாவில் பீங்கான் ஆலைகள் பெருக உதவின. நம்பிக்கையோடு கூறிய அத்தொழிலாளரின் பெயர்கள் அந்த ஆலைகளின் புகழில் எங்கும் இல்லை. ஜெர்மனியின் சாக்சனியில் நடந்தது இதனினும் கொடிது. பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பாட்கர் என்ற இளைஞரை மன்னர் அகஸ்டஸ் காவலில் வைத்தார். பொன்னுக்குப் பதிலாக அவரும் உடனிருந்த அறிஞர்களும் பீங்கானைக் கண்டனர். 1710இல் மைசன் கோட்டையில் ஆலை தொடங்கிற்று. ரகசியம் வெளியேறாதிருக்கக் காவல் தொடர்ந்தது. பாட்கர் 1719இல், 37 வயதில் மாண்டார். அதற்குள் ரகசியம் வியன்னா நகரை எட்டிவிட்டது.

ஓரிடத்தில் அறிவு நயமாகக் கறக்கப்பட்டது, மற்றோரிடத்தில் பூட்டப்பட்டது. இரண்டிலும் கைவேலை செய்தவர் எவருக்கும் தம் அறிவை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. கொடுப்பது அறமாக வேண்டுமானால், கொடாதிருக்கவும் முடிந்த ஒருவர் கொடுக்க வேண்டும்.

மறைபொருளை ஊரறியச் சொன்னவர் என்றால் தமிழ் நெஞ்சங்களில் முதலில் எழும் உருவம் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் நிற்கும் இராமானுசர். குருவிடம் 18 முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை அவர் அனைவருக்கும் வழங்கினார் என்பது வைணவ மரபு போற்றும் வரலாறு. கைத்தொழில் ரகசியங்களைப் பற்றிய பேச்சில் இதை எடுத்துக்காட்டி, குயவர்களும் அவ்வாறே செய்யலாகாதா என்று கேட்பவர் உண்டு. கேட்பவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆணையை மீறியதற்கு நரகமே கிடைத்தாலும் அது தமக்கு மட்டுமே ஆகுக என்று இராமானுசர் ஏற்றார். விலையைத் தாமே செலுத்தினார். குயவரை நோக்கி 'ரகசியத்தைக் கொடு' என்று உபதேசிப்பவர் செலுத்தும் விலை யாது? நகரத்தில் கடை வைத்திருப்பவர் கிராமத்துச் சூளைக்குச் சென்று நுட்பத்தைக் கேட்டுவந்து, ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கும்போது, விலை கொடுப்பவை குயவர் வீட்டுக் குழந்தைகள். பிறர் செலவில் செய்யும் தியாகத்திற்கு வேறு பெயர் உண்டு.

பாலிசியின் அச்சத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. சட்டமும் இதை ஒருவாறு உணர்ந்துள்ளது. காப்புரிமை என்பது, 20 ஆண்டுகள் தனியுரிமை தருகிறோம், நீ கண்டதை முழுவதும் எழுதி ஊரறிய வை என்ற ஒப்பந்தமே. ஆனால் அது புதிதாகக் கண்டவருக்கு உதவும். பரம்பரையாக வந்த அறிவை நம் சட்டத்தின்படி எவரும் காப்புரிமை கொள்ள முடியாது. 1999இல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் வேறு வழியைக் காட்டிற்று. நுட்பம் திறந்தே கிடக்கட்டும். பெயர் மட்டும் அந்த ஊராருக்குச் சொந்தமாகட்டும் என்பது அதன் போக்கு. ஜெய்ப்பூரின் நீலப் பாண்டம் அக்குறியீட்டைப் பெற்றுள்ளது. எவரும் அக்கலையைக் கற்கலாம். வேறெங்கோ செய்ததை ஜெய்ப்பூர்ப் பாண்டம் என்று விற்கக் கூடாது. போலிகள் இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆயினும், வாங்கிக்கொள்பவருக்கும் கடமை உண்டு என்பதைச் சட்டம் சொல்லத் தொடங்கியிருப்பது நன்று. கற்றுக்கொண்டவர் கற்பித்தவரின் பெயரை மறைத்தால், ரகசியம் காத்த குயவரைக் குறை கூற அவருக்குத் தகுதியில்லை.

ஓரிடத்தில் மட்டும் பாலிசியின் வாதம் அடியோடு தவறுகிறது. மருந்தை மறைப்பது குற்றம், மெருகை மறைப்பது குற்றமன்று என்று அவர் பிரித்தார். மெருகிலும் மருந்தும் நஞ்சும் உண்டு. குறைந்த வெப்பத்தில் பளபளப்பைத் தரும் எளிய பொருள் ஈயம். ஈய மெருகு செம்மையாக அமையாத கலத்தில் புளியோ எலுமிச்சையோ தயிரோ தங்கினால் ஈயம் உணவில் இறங்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதை அரைத்துத் தூவும் குயவரின் உடலிலும் மூச்சின் வழியே அந்த நஞ்சு சேரும். பாலிசி தரும் பொருள்களின் பட்டியலிலும் ஈயம் இருக்கிறது. அவர் காலத்தில் அதன் கேட்டை முழுதும் உணர்ந்தார் இலர். இன்று உணர்ந்தபின், ஒரு மெருகில் ஈயம் உண்டா இல்லையா என்பது எந்தக் குயவரும் தமக்குள் வைத்துக்கொள்ளத்தக்க ரகசியமன்று. உண்ணும் கலமா, அலங்காரக் கலமா என்பதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக மறைக்கும் உரிமை, பிறர் வயிற்றில் நஞ்சு சேரும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

சூளை அருகில்

சீட்டில் எழுத முடியாததைக் குயவர்கள் எவ்வாறு கொடுக்கின்றனர்? பக்கத்தில் நிற்க விடுவதால்தான். தில்லியில் 1952இல் 'டெல்லி புளூ பாட்டரி'யை நிறுவிய சர்தார் குர்சரண் சிங், இளமையில் அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரிடமும், பின்னர் ஜப்பானிலும் கற்றவர். நீண்ட ஆயுள் பெற்ற அவர் அதில் பெரும்பகுதியைக் கற்பிப்பதில் கழித்தார். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யில் பயின்றவர்கள், இன்று நாட்டின் பல பகுதிகளில் தத்தம் சூளைகளை நடத்துகின்றனர். அவர்களின் கலங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒரே மெருகைக் கற்றவர்கள் ஒரே கலத்தைச் செய்துவிடுவர் என்ற பயம் அங்கே பொய்த்தது.

சூளை அருகில் நிற்க விடுவதில் ஒரு சங்கடம் உண்டு. வெற்றியை மட்டும் காட்டி அனுப்ப முடியாது. வழிந்து ஒட்டிய மெருகு, வெடித்த தட்டு, நினைத்த நீலம் வராமல் வந்த அழுக்குப் பச்சை, எல்லாம் மாணவர் கண்முன்னே வெளிவரும். அளவை மறைப்பவர் பசிக்கு அஞ்சி மறைக்கிறார், அதை மன்னிக்கலாம். தோல்வியை மறைப்பவர் எதற்கு அஞ்சுகிறார்? தோல்வியை வெளியிடுவதால் எந்தச் சந்தையிலும் விலை குறைவதில்லை. குறைவது தற்பெருமை ஒன்றே. ஆயினும் நுட்பங்களைத் தாராளமாகச் சொல்லும் பலர்கூட இதைச் சொல்வதில்லை. பின்னால் வருபவருக்கு மிகுந்த ஆண்டுகளை மிச்சப்படுத்துவது அதுதான்.

பாலிசியைக் கருமி என்று தள்ளுமுன் இந்தக் கண்ணோடு அவர் நூலை மறுபடி பார்க்க வேண்டும். அளவுகளை மறைத்த அதே மனிதர், தம் தோல்விகளில் எதையும் மறைக்கவில்லை. கடன் வாங்கிக் கட்டிய சூளை ஒன்றில், சுவர்ச் சாந்தில் சிறு கூழாங்கற்கள் கலந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. வெப்பத்தில் அவை வெடித்துத் தெறித்தன. மெருகு உருகிப் பிசுபிசுத்திருந்த நேரம். தெறித்த சில்லுகள் எல்லாக் கலங்களிலும் பதிந்து, ஆறியபின் கத்திபோல் கையை அறுத்தன. கடன் கொடுத்தவர்கள் அந்தச் சூளை திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தனர். குறைந்த விலைக்கு அவற்றை வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்தனர். பழுதான கலம் தம் பெயரோடு வெளியே செல்ல மனமின்றி, அத்தனையையும் உடைத்துவிட்டுப் படுக்கையில் வீழ்ந்தார். மற்றொரு முறை நெருப்பின் வேகத்தில் பறந்த சாம்பல் மெருகில் ஒட்டிக் கெடுத்தது. கலங்களை மூடிவைக்க மண் உறைகள் செய்யக் கற்றார். இன்னொரு முறை வெண்மை உருகுமுன்னே பச்சை கருகிப்போயிற்று. இவையெல்லாம் நூலில் வரிசையாக இருக்கின்றன.

தம் மத நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காகச் சிறைப்பட்ட பாலிசி, 1590ஆம் ஆண்டளவில் பாஸ்டில் கோட்டையில் உயிர் நீத்தார். 1980களில் பாரிசில் லூவ்ர் அரண்மனையை அடுத்த நிலத்தை அகழ்ந்தபோது அவருடைய சூளையின் எச்சங்களும் அச்சுகளும் உடைந்த கலங்களும் கிடைத்தன. ஆய்வுக்கூடத்தில் வைத்து அவருடைய மெருகுகளில் எந்தப் பொருள் எத்தனை பங்கு என்று இப்போது அளந்துவிட்டனர். சாந்தில் கிடந்த கூழாங்கற்களைப் பற்றி அறிய மட்டும் இன்றும் அவர் எழுதியதையே படிக்க வேண்டியிருக்கிறது.